நின்றுகொண்டிருந்த மரத்துக்கு ஓர் இரங்கல் தீர்மானம்

இயற்கை அன்னை தன் நெடிய வரலாற்றில் ஒரே ஒரு மனிதரிடம்தான் நல்ல ஆங்கிலத்தில் பேசியிருக்கிறாள். அவர் என் அத்தான். அக்காவைக் கட்டியவர் என்பதால் வீட்டில் அத்தான்; கல்லூரியின் ஆங்கிலத் துறையில் அவருக்குக் கீழே நான் வேலை பார்ப்பதால் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டியதும் சார். இந்த இரட்டைப் பாக்கியம் பெற்றவன் என்ற முறையில், அவருடைய வாழ்வையும் பணியையும் உலகுக்கு எடுத்துச் சொல்லும் கடமை என் தலையில் விழுந்திருக்கிறது.

சார் காட்டைப் பற்றி எழுதினால் படிப்பவர் காலில் முள் குத்தும். மழையைப் பற்றி எழுதினால் தும்மல் வரும். இத்தனையையும் அவர் ஓர் அறைக்குள் உட்கார்ந்தே சாதித்தார். மகரந்தம் அவருக்கு ஆகாது, வெயில் ஒத்துக்கொள்ளாது, பூச்சி என்றால் நாற்காலி மேல் ஏறிவிடுவார். எனவே ஜன்னல் சாத்தியிருக்கும், ஏ.சி. ஓடும், திரைச்சீலையில் பச்சை இலைகள் அச்சடித்திருக்கும். இயற்கையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால்தான் முழுசாகத் தெரியும் என்பது அவர் சித்தாந்தம். 'தள்ளி நிற்கிற' விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர் எழுத்தில் தலைசிறந்தவை இரங்கல்கள். வற்றிய குளமோ, அழிந்த தோப்போ, செத்த செய்தி வந்தால் போதும். சோறு தண்ணி இல்லாமல் எழுதுவார். உயிரோடு இருப்பவற்றின் மேல் அவருக்கு அவ்வளவாகப் பிடிப்பில்லை. அவை அசைந்துகொண்டே இருக்கின்றன, வாக்கியத்துக்கு அடங்குவதில்லை என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். போகப்போக அவர் கலையில் ஒரு மாபெரும் முன்னேற்றம் ஏற்பட்டது. எது சாகப்போகிறது என்று மோப்பம் பிடித்து, இரங்கலை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார். பதிப்பாளருக்கு இது ரொம்ப சௌகரியம்.

அக்காவைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை நகராது. அவள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கணக்கில் கோட்டை விட்ட அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் சாயங்காலமானால் அவளிடம் வந்துவிடும். ஆனால் வீட்டுக்குள் உட்கார இடமில்லை. கூடம், படுக்கையறை, மாடிப்படியில் பாதி என்று இயற்கையைப் பற்றிய புத்தகங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. ஆகவே வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவே, கல்லூரி நிலத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து, அக்கா பாடம் நடத்தினாள். பொழுது சாய்ந்து மரம் இலையை மடக்கினால் பிள்ளைகளும் நோட்டை மடக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த நிழலும் அந்தப் பிள்ளைகளும்தான்.

அந்த மரத்தின் மேல் நிர்வாகத்தின் கண் விழுந்தது. கார் நிறுத்த இடம் வேண்டுமாம். ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். அக்கா நேராகப் பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தாள். அவருக்கு சார் மேல் அளவு கடந்த மரியாதை. உங்கள் வீட்டுக்காரர் கூட்டத்தில் ஒரு வார்த்தை வேண்டாமென்று சொல்லட்டும், மரத்தை ஒருத்தரும் தொட மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கூட்டத்தன்று காலையில் அத்தான் சட்டை மாட்டும்போது அக்கா கதவோரம் வந்து நின்றாள்.

"நீளமா எதுவும் பேசாதீங்க. வெட்ட வேண்டாம்னு மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துடுங்க."

"இதைக்கூடச் சொல்ல மாட்டேனா?" என்றார் அத்தான். அவர் கையில் ஒரு கத்தைத் தாள் இருந்தது.

சாரின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். கூட்டம் மரத்துக்குச் சாதகமாகவே தொடங்கியது. மரம் இருந்தால் கார் நிழலில் நிற்குமே என்று இயற்பியல் துறைத் தலைவர் கேட்டார். இந்தக் கோணத்தில் அதுவரை எவரும் சிந்தித்திருக்கவில்லை, குழு அசந்துபோனது. சாரின் பக்கம் பிரின்சிபால் திரும்பி, நீங்களும் ஒரு வார்த்தை சொன்னால் விஷயத்தை முடித்துவிடலாம் என்றார்.

சார் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். அடடா, என்ன உரை! முதல் பக்கத்தில் மரம் கன்றாக இருந்தது. நடுப்பக்கத்தில் கோடாரி விழுந்தது. கடைசிப் பக்கத்தில் வெட்டுண்ட அடிமரத்தில் ஒரு குருவி வந்து உட்கார்ந்து, என் வீடு எங்கே என்று கேட்டது. பிரின்சிபால் விம்மினார். இயற்பியல் கைக்குட்டையைத் தேடியது. ஜன்னலுக்கு வெளியே மரம் கொழுகொழுவென்று நின்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரும் திரும்பவில்லை. துக்கத்தில் இருக்கும்போது வேடிக்கை பார்ப்பது நாகரிகமா?

எங்கள் ஆட்சிக்குழுவில் ஒரு மரபு உண்டு. இரங்கல் உரை முடிந்ததும் எல்லாரும் எழுந்து மௌனமாக நிற்க வேண்டும். நின்றோம். செயலாளர் 'இரங்கல் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது' என்று அறிவித்தார். அப்புறம்தான் இயற்பியல்காரர் தயங்கித் தயங்கி, மரம் இன்னும் சாகவில்லையே என்றார். செயலாளர் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். இரங்கல் தீர்மானம் நிறைவேறிய பிறகு சம்பந்தப்பட்டவர் நின்றுகொண்டிருப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. தீர்மானத்தை ரத்து செய்வதோ சாரை அவமதிப்பதாகும் என்றார். எல்லாரும் சாரையே பார்த்தோம். அந்த இரங்கல் இடம்பெற்ற அவருடைய புத்தகம் ஏற்கெனவே அச்சில் இருந்தது. அட்டையில் வெட்டுண்ட அடிமரத்தின் படம் போட்டாயிற்று. குழுவின் முடிவுக்குத் தாம் கட்டுப்பட்டவர் என்று சார் மிகுந்த அடக்கத்துடன் சொன்னார். அந்த அடக்கம் எல்லாருக்கும் வருமா?

அக்கா வாசலிலேயே காத்திருந்தாள்.

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

"அதைவிடப் பெரிசா சொன்னேன். எல்லாரும் அழுதுட்டாங்க."

"வேண்டாம்னு சொன்னீங்களா?"

அத்தான் ஏ.சி. ரிமோட்டைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். அக்கா அழுதாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

அந்த வாரமே மரம் விழுந்தது. தீர்மானம் முழுமை பெற்றது. அக்கா கொஞ்ச நாள் வெயிலில் குடை பிடித்துக்கொண்டு பாடம் நடத்திப் பார்த்தாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வருவதை நிறுத்திக்கொண்டன. மிச்சமிருந்தவை மாடிப்படியில், புத்தகங்கள் விட்டுவைத்த இடத்தில், முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தன. புத்தக வெளியீடு புதிய கார் நிறுத்தத்தில் விமரிசையாக நடந்தது. வெயில் தாங்காமல் ஒருவரும் அங்கே கார் நிறுத்துவதில்லை என்பதால் இடம் தாராளமாக இருந்தது. சாருக்கு 'பசுமைக் காவலர்' என்று பட்டம் சூட்டினார்கள்.

அன்று பொன்னாடையோடு வீட்டுக்கு வந்த அத்தான், மாடிப்படியில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்யாணமான நாள் முதல் அவளை அப்படி உருக்கமாக அவர் பார்த்ததில்லை.

"அடுத்த புத்தகம் உன்னைப் பத்திதான். மனசுக்குள்ள ஆரம்பிச்சுட்டேன்" என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

அத்தானின் எழுத்தைப் பற்றி எத்தனையோ மதிப்புரைகள் வந்திருக்கின்றன. அக்கா தலையைத் தூக்காமல் சொன்னதற்கு ஈடாக ஒன்றும் வரவில்லை.

"என்னை விட்டுடுங்க. பசங்களுக்குப் பரீட்சை வருது. அது முடியற வரைக்குமாவது நான் உயிரோட இருக்கணும்."