கழுதைகளுக்கு மட்டும் சொன்னது

டினோஜா வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகியும் அவளுடைய வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. இன்னும் பத்து நாள்தான் மிச்சம் இருந்தது.

லெம்பட் மன்னாரில் சத்தத்தை வாடகைக்கு விடுகிறவர். தேவாலயத் திருவிழா, கோயில் கொடியேற்றம், கந்தூரி, கல்யாணம், எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிதான் பேசும். அவர் வீட்டுக் கூரையில் பெரிய ஒலிபெருக்கிப் புனல் ஒன்று ஊமத்தம்பூப்போல வாயைத் திறந்துகொண்டு கடலைப் பார்த்தபடி இருக்கும்.

சொன்ன சொல் எதுவும் அழிந்துபோவதில்லை, சோளகக் காற்றில் ஏறிக் கடலுக்கு மேலே எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும் என்று லெம்பட் நம்பினார். மத்தியான வெயிலில் கடல் வெள்ளித் தகடாய்க் கிடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தங்களைக் கேட்பார். பழைய பாட்டுக்கள் கேட்கும். தேவாலய மணி அடித்து, எப்போதோ செத்துப்போன சங்கிலித்தாமின் இருமல்கூட ஒருநாள் கேட்டது. பதினான்கு வருடமாக அவர் தேடிய ஒரு சொல் மட்டும் கேட்கவில்லை.

பிள்ளை வரம் கேட்டு அந்தோனியாருக்கு நவநாள் பிடித்துக் களைத்த மனைவி எமில்டாதான் ஒருநாள் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, எங்கட பிள்ளை பிறக்காமல் இல்லை. வேற எங்கேயோ பிறந்து நிக்குது. நாங்கள்தான் போய்க் கூட்டிக்கொண்டு வரவேணும்."

கன்னியாஸ்திரிகள் நடத்துகிற இல்லத்தில் எட்டு வயது டினோஜாவைக் காட்டினார்கள். கதிரையில் கையைக் கட்டி, உதட்டை இறுக்கிக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் இருந்த சிஸ்டர் அவளை ஏதோ புதுமை நடந்ததுபோலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கோப்பில் ஒரு வரி இருந்தது: 'முன்னர் ஒரு குடும்பத்துடன் இரண்டு மாதம். பொருத்தமின்மையால் திரும்பினாள்.'

"என்ன பொருந்தேல்லை, சிஸ்டர்?"

"உங்களுக்குப் பொருந்தும்," என்றார் சிஸ்டர் அவசரமாக.

ஒரு மாதம் பழகிப் பார்க்கக் கொடுத்தார்கள். மாத முடிவில் நன்னடத்தை அதிகாரி வந்து, இங்கே இருக்க விருப்பமா என்று பிள்ளையின் வாயாலேயே கேட்டு எழுதிக்கொண்டு கையெழுத்து வைப்பார். பிள்ளை சொல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

டினோஜா நன்றாகச் சாப்பிட்டாள். தன் கோப்பையைத் தானே கழுவினாள். எமில்டா தலை வாரும்போது பூனைபோலக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் காதையும் தொண்டையையும் பார்த்து எல்லாம் சரி என்றார்கள். ஆனால் செபமாலை சொல்லும்போதுகூட உதடு அசையவில்லை.

"மனதுக்குள்ள சொல்லுறாள்," என்றாள் எமில்டா.

"ஐம்பத்து மூண்டு அருள்நிறைந்த மரியேயும் மனதுக்குள்ளயோ?"

லெம்பட் சிஸ்டருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சிஸ்டர், பிள்ளையிட சத்தமே இல்லை."

"ஆண்டவருக்குத் தோத்திரம்," என்றார் சிஸ்டர். "அப்பிடியே பாத்துக்கொள்ளுங்கோ."

செபத்துக்கு மணி அடிக்கவும் தொலைபேசியை வைத்துவிட்டார்.

சத்தம் வராவிட்டால் மைக்கைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். லெம்பட்டின் தொழிலில் முதல் பாடம் அது. அன்று பின்னேரம் அவர் விறாந்தையில் மைக்கைப் பூட்டினார்.

"மகள், இதைப் பிடி. மெல்லமாய் ஒரு சொல்லு சொல்லு. 'அப்பா' எண்டு சொன்னா நல்லம். 'அம்மா' எண்டாலும் நான் கோவிக்கமாட்டன். ஒண்டும் வரேல்லை எண்டா 'கத்தரிக்காய்' எண்டாவது சொல்லு, ராசாத்தி!"

டினோஜா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் கண் திருவிழா விளக்குப்போல எரிந்தது. நெஞ்சு நிறைய மூச்சை எடுத்தாள். வாய் திறந்தது. லெம்பட்டும் தன் வாயைத் திறந்துகொண்டு நின்றார். சட்டென்று அவள் வாயைப் பொத்தி, மைக்கை அவருடைய மடியில் போட்டுவிட்டுப் பின்வளவுக்கு ஓடிவிட்டாள்.

குசினிக்குள்ளிருந்து எமில்டா வந்தாள்.

"கூரைப் புனலை நிப்பாட்டிப்போட்டோ கதைச்சனீங்கள்?"

லெம்பட் நிறுத்தவில்லை.

அடுத்தநாள் மீன் சந்தையில் சாஹுல் ஹமீட் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"என்ன லெம்பட், புள்ள கத்தரிக்காய் சொல்லிட்டாவா?"

சந்தை முழுக்கச் சிரித்தது. லெம்பட் மீன் வாங்காமலேயே திரும்பினார்.

வீட்டுக்கு வந்தபோது பின்வேலியோரம் டினோஜா நின்றாள். தெருவில் திரிகிற சாம்பல் நிறக் கழுதையொன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அதன் காதுக்குள் வாயை வைத்திருந்தாள். உதடு அசைந்தது. திறந்துவிட்ட குழாய்போல நிற்காமல் அசைந்தது.

"எமில், ஓடி வா! கதைக்கிறாள்!"

"ஆரோட?"

லெம்பட் வேலிப்பக்கம் கையைக் காட்டினார். எமில்டா எட்டிப் பார்த்தாள். பிறகு குசினி வாசற்படியில் இருந்துவிட்டாள்.

"பதினாலு வருசம் நவநாள் பிடிச்சது நான். முதல் கதை கழுதைக்கு."

"அழாதை. கழுதையை இஞ்சையே நிப்பாட்டுவம். அதோட கதைக்கிறவள் மெல்ல மெல்ல எங்களோடயும் கதைப்பாள்."

"உங்களுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் எண்டுறீங்களோ?"

லெம்பட் பேக்கரியில் இரண்டு றாத்தல் பாண் வாங்கிக் கழுதைக்குக் கொடுத்தார். மன்னார்க் கழுதைகள் நல்ல செய்தியைத் தங்களுக்குள் வைத்திருப்பதில்லை. அடுத்தநாள் ஐந்து நின்றன. அதற்கடுத்தநாள் ஒன்பது. வேலிக் கிடுகைத் தின்றன. எமில்டாவின் பாடகர் குழுத் தாள்களைத் தின்றன. கொடியில் காய்ந்த லெம்பட் பூசைக்குப் போடுகிற சேட்டைத் தின்றன. மிஞ்சிய ஒரு கையை எமில்டா சாட்சிக்கு எடுத்து வைத்தாள்.

டினோஜா காதுக்குக் காது போய்க் கதைத்தாள். கடல் வெளிச்சத்தில் ஒன்பது கழுதைகளும் கண்ணைப் பாதி மூடி, பிரசங்கம் கேட்கிற சனம்போல அசையாமல் நின்றன. அந்தக் காட்சி லெம்பட்டுக்குக் கனவுபோல இருந்தது. தானும் ஒரு கழுதையாய்ப் பிறந்திருக்கலாம் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு கழுதை களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டது. மற்றொன்று காதை உதறிவிட்டு அடுத்த வளவுக்குப் போனது.

ஞாயிறு பூசையில் சுவாமியார், "நாங்கள் எல்லாரும் கடவுள் தத்தெடுத்த பிள்ளைகள். 'அப்பா' என்று கூப்பிடத்தான் எங்களுக்கு வாய் தந்தவர்," என்று சொன்னார். அப்படியென்றால் கடவுளும் தன்னைப்போலத்தான் காதை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்று லெம்பட் நினைத்தார். அவருக்குக் கடவுள்மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது. திரும்பிப் பார்த்தால், டினோஜா பீடத்தில் இருந்த அந்தோனியார் சுருவத்துக்கு முன்னால் நின்று, ஒரு விரலை உதட்டில் வைத்துச் சுருவத்துக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தோனியாரையும் வாயை மூடச் சொல்லுறாள்," என்றாள் எமில்டா மெதுவாக.

லெம்பட்டுக்குப் பொறுக்கவில்லை. அன்று பின்னேரமே ஒரு சாக்கைப் போர்த்திக்கொண்டு, சாம்பல் கழுதைக்குப் பின்னால் குந்தினார். டினோஜா வந்தாள். கிசுகிசுவென்று நெடுநேரம் போனது. கடைசியில் ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. சொன்னா எல்லாம் போச்சு."

எவ்வளவு இனிமையான குரல்! லெம்பட் தன்னை மறந்து சாக்கோடு எழும்பினார். கழுதை உதைத்தது.

முழங்காலுக்கு எண்ணெய் பூசும்போது எமில்டா கேட்டாள்.

"என்ன போச்சாம்?"

"அதைத்தான் கேக்கமுதல் உதைச்சுப்போட்டுது."

"நான் ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையுங்கோ. அலுமாரியில அவளுக்கெண்டு ஒரு தட்டு ஒதுக்கினனான். அதில ஒண்டும் இல்லை. உடுப்பெல்லாம் இன்னும் பைக்குள்ளதான், மடிச்சபடி."

எமில்டா எண்ணெய்ப் போத்தலை மூடிவைத்தாள். கடல்கூட அன்று சத்தம் போடவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி தில்லைநாதன் ஓட்டோவில் வந்து இறங்கினார். மன்னாருக்கு மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான். ஒன்பது கழுதைகளோடு பிள்ளை வளர்க்கிற வீட்டைக் காட்ட முடியாது என்பதால், லெம்பட் விடியவே அவற்றைப் பாண் காட்டி ஒலிபெருக்கி அறைக்குள் விட்டுப் பூட்டியிருந்தார். அதிகாரி தேத்தண்ணீரைக் கையில் எடுத்தார்.

"நல்ல அமைதியான வீடு," என்றார்.

உள்ளே ஏதோ ஒரு கால் ஏதோ ஒரு மின் ஆளியை மிதித்திருக்க வேண்டும். கூரைப் புனல் ஒருமுறை கரகரத்தது. அடுத்த கணம் ஒன்பது கழுதைகளும் மன்னார்த் தீவு முழுவதற்கும் கத்தின. தேத்தண்ணீர் கோப்புக்குள் போனது. பூவரசில் இருந்த காகங்கள் எல்லாம் கடல்பக்கம் பறந்தன. லெம்பட் நொண்டிக்கொண்டு ஓடிக் கதவைத் திறக்க, கழுதைகள் விறாந்தை வழியாக ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறின. கடைசிக் கழுதை அதிகாரியின் மடியிலிருந்து ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு போனது.

தில்லைநாதன் கால்சட்டையைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர்.

"மிஸ்டர் லெம்பட், எனக்குக் கழுதை பிரச்சினையில்லை. எங்கட கந்தோருக்குள்ளயும் வாறதுதான். எனக்கு வேண்டியது ஒரு சொல்லு." டினோஜாவை முன்னால் கூப்பிட்டார். "பிள்ளை, இந்த வீட்டில இருக்க உமக்கு விருப்பமோ? ஓம் எண்டாலும் சரி, இல்லை எண்டாலும் சரி. வாயால சொல்லும்."

டினோஜா தலையை ஆட்டினாள். பலமாக, மூன்று முறை ஆட்டினாள்.

"தலையாட்டினதை எழுதேலாதம்மா. சொன்னால்தான் நான் கையெழுத்து வைக்கலாம்."

அவள் உதட்டை இறுக்கினாள். உதடு வெளுத்தது. கண் நிறைந்தது. லெம்பட்டைப் பார்த்தாள், எமில்டாவைப் பார்த்தாள், அதிகாரியின் சட்டைப்பையில் இருந்த பேனையைப் பார்த்தாள். சொல் வரவில்லை.

தில்லைநாதன் கோப்பை மூடினார்.

"பிள்ளைக்கு ஏதோ பயம் இருக்கு. நான் எழுதுறதுக்கு ஒண்டும் இல்லை. இண்டைக்கு என்னோட வரட்டும்."

எமில்டா பையைக் கொண்டுவந்தாள். அடுக்கவேண்டிய வேலை இருக்கவில்லை. ஊருக்கெல்லாம் சத்தம் கொடுக்கிற லெம்பட் பையை வாங்கிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார். டினோஜா அவருடைய சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெருவாசல் படலைக்கு வந்ததும் மற்றக் கையால் படலைத் தூணைப் பிடித்தாள். இரண்டையும் விடவில்லை. ஒன்பது கழுதைகளும் தெருவில் வரிசையாய் நின்று பார்த்தன.

தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்த ஓட்டோக்காரன் நௌபர் அப்போதுதான் வாயைத் துடைத்தபடி வந்தான். தூணைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளையைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அட, நம்மட டினோஜாப் புள்ள! போன வருசம் அந்த விடத்தல்தீவு வீட்டாக்கள் 'இவ வாய் ஓயாமக் கதைக்கிறா, காது வலிக்குது'ண்டு திருப்பி அனுப்பக்குள்ள நான்தானே உன்ன ஏத்திட்டு வந்தன். 'அடுத்த அப்பா அம்மா கிடைச்சா, கையெழுத்து விழுற வரைக்கும் மனுசரோட ஒரு சொல்லும் கதைக்க மாட்டன்'ண்டு பாலம் வரைக்கும் அழுதழுது அந்தோனியாருக்கு நேந்தியே, இன்னுமா புள்ள கையெழுத்து விழல்ல?"