மேஜருக்கு நான் செய்த கூம்ஸ் டெஸ்ட்

ஒரு வேலையை அரைகுறையாகச் செய்து கெடுப்பவனை மன்னித்துவிடலாம். எல்லாவற்றையும் முறைப்படி செய்து கெடுப்பவனிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். நான் இரண்டாவது ரகம்.

கண்டியில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை எனக்குக் கிடைத்த புதிது. மடுல்கெல்லத் தோட்டத்திலிருந்து போய் வெள்ளைக் கோட்டுப் போட்ட முதல் ஆள் என் மகன்தான் என்று அம்மா மாதா கோயில் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். (கோட்டு என்னவோ ஆய்வுகூடத்தினுடையது.) அந்தத் தலைக்கனத்தோடுதான் பிலிமத்தலாவைக்குப் பெண் பார்க்கப் போனோம்.

பெண் ரெஜினா, கணக்கு டீச்சர். அவளுடைய அப்பா ஹார்ட்வெயார் கடைக்காரர். அன்று அவருடைய கவனம் மகள்மேலும் இல்லை, என்மேலும் இல்லை. கதிரைக்குக் கீழே சுருண்டு கிடந்த மேஜர் என்ற நாயின்மேல் இருந்தது. மனைவி தவறிய பிறகு, கடையைப் பூட்டிவிட்டு வந்தால் அவர் மனம்விட்டுப் பேசுவது அதனிடம்தான்.

"புது ஆள் யாரு வந்தாலும் காலைக் கவ்விருவான் தம்பி. இன்னைக்குப் பாருங்க, தலையக்கூடத் தூக்கல," என்றார்.

மேஜரின் உடம்பே தன் இரத்தச் செங்குழியங்களை அழிக்கிறதோ என்று மிருக வைத்தியருக்குச் சந்தேகம். இரத்தம் எடுத்து, பேராதனையில் மிருகங்களுக்கான ஆய்வுகூடத்தில் கூம்ஸ் டெஸ்டுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார். இரத்தம் நிரப்பிய குழாய் ஃப்ரிட்ஜில், எங்களுக்காக வாங்கிய பட்டர் கேக்குக்குப் பக்கத்தில் இருந்தது.

கூம்ஸ்! என் காதில் தேன் பாய்ந்தது. "எதுக்கு அங்கிள் பேராதனைக்கு அலையுறீங்க? அத நாந்தானே தினமும் செய்றேன். நாளைக்கே ரிசல்ட் சொல்றேன்."

தேத்தண்ணி கொண்டுவந்த ரெஜினா நின்றாள். "நீங்க செய்றது மனுச ரத்தத்துக்கு. அதே மருந்து நாய்க்கும் சரியா வருமா?"

"ரத்தம்னா ரத்தந்தான் டீச்சர்," என்று சிரித்தேன். (அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.) அம்மா பெருமை தாங்காமல் இன்னொரு கேக் துண்டை எடுத்துக்கொண்டார்.

செங்குழியங்களில் அவற்றை அழிக்கும் பிறபொருளெதிரி (ஆன்டிபாடி) ஒட்டியிருந்தால், கூம்ஸ் மருந்தை விட்டதும் அவை ஒன்றையொன்று பிடித்துத் திரளும். மறுநாள் மேஜரின் இரத்தத்தைக் கழுவி மருந்தை விட்டேன். திரளவில்லை. அப்படியானால் மருந்தே பழுதோ என்று பார்க்க, பிறபொருளெதிரி ஏற்றி வைத்த செங்குழியக் கலங்களை அதே குழாயில் விட வேண்டும் என்பது விதி. விட்டேன். உடனே திரண்டது. மருந்து நல்லது, முறை சரி, ஆகவே முடிவும் சரி! கடைக்கு போன் போட்டேன்.

"அங்கிள், நெகடிவ்! அந்த வருத்தம் இல்ல. ஈரல் அவிச்சுக் குடுங்க, எழும்பிருவான்."

அவர் சந்தோஷத்தில் அழுதே விட்டார். வைத்தியரிடம் போக இருந்தவர் ஈரல் வாங்கப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு வாங்கலாம் என்று திராட்சையோடு போனேன். மேஜரின் ஈறு சுவர் போல வெளுத்திருந்தது, மூச்சு வாங்கியது. ஈரல் தொடாமல் தட்டில் கிடந்தது. ரெஜினா என்னைப் பார்க்காமலே த்ரீவீலுக்கு போன் எடுத்தாள். மிருக வைத்தியரிடம் போகும் வழி முழுக்க மேஜர் என் மடியில் கிடந்தான். செத்துவிடாதேடா என்று எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன்.

வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. "தம்பி, என்ன மருந்து பாவிச்சனீங்கள்?"

"மனுசருக்கு உள்ளதுதான் டாக்டர்."

"அது மனிசற்ர பிறபொருளெதிரியை அல்லோ தேடும்? நாயின்ர உடம்பில மனிசன் எங்க இருப்பான்?"

"ஆனா டாக்டர், கடைசியா விட்ட கலங்கள் திரண்டுச்சே!"

"அந்தக் கலங்கள் ஆற்ரை?"

"மனுசனோடது," என்றேன்.

ரெஜினாவின் அப்பா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். ரெஜினா மேஜரின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாய்க்குரிய மருந்தால் செய்த டெஸ்ட் பொசிடிவ். நல்லவேளை, இன்னொரு நாயின் இரத்தம் ஏற்றினார்கள், மாத்திரையும் தொடங்கினார்கள். கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் வேலை முடிந்து தினமும் மேஜரைப் பார்க்கப் போனேன், வெட்கத்தை விட்டு. ஒரு நாள் அவன் தள்ளாடி எழுந்து வந்து, என் காற்சட்டையைக் கவ்விக் கிழித்தான்.

"கடிச்சிட்டான்! ரெஜினா, ஓடி வா, மாப்பிள்ளையக் கடிச்சிட்டான்!" என்று ரெஜினாவின் அப்பா துள்ளினார். மாப்பிள்ளை என்ற சொல்லை அந்த வீட்டில் முதலில் கேட்டது அப்படித்தான். ரெஜினாவிடம் கல்யாணத்துக்கு ஏன் சம்மதித்தாய் என்று பிறகு கேட்டேன். "இனிமே கேள்வி கேட்டா யோசிச்சுப் பதில் சொல்லுவீங்கதானே," என்றாள்.

போன வருஷம் அவள் பிள்ளைத்தாய்ச்சி. எங்கள் இருவரின் ரீசஸ் இரத்த வகை ஒத்துப்போகவில்லை. குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பில் பிறபொருளெதிரி உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பதும் கூம்ஸ் டெஸ்டில்தான். என் ஆய்வுகூடத்திலேயே இரத்தம் கொடுத்தாள். என்னைத் தொட விடவில்லை. "இது மனுசருக்கு உள்ள மருந்துதானே மிஸ்?" என்று இரத்தம் எடுத்த பெண்ணிடம் அவள் கேட்க, ஆய்வுகூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிவைப் பார்த்ததும் மாமனாருக்கு போன் எடுத்தேன். "மாமா, நெகடிவ்! பிள்ளைக்குப் பயமில்ல!"

அந்தப் பக்கம் மேஜர் குரைப்பது மட்டும் கேட்டது.

"டெஸ்ட் பண்ணினது யாரு, நீங்களா?"

"இல்ல மாமா. வேற ஆள்."

"அப்ப சரி," என்றார் மாமா. அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார்.