குஞ்சரவல்லியின் வழுவழு முகம்

ஒரு காட்டில் குஞ்சரவல்லி என்றொரு பெண் யானை இருந்தது. பிறந்த மூன்றாம் நாளே அதன் நெற்றியில் நாற்பது சுருக்கம். யானை என்றால் அப்படித்தான். ஐம்பது வருஷமாக அது அதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, யாரோ செல்போனில் படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் வந்தது வினை.

"ஐயோ, இது நானா? சம்பந்தியம்மா பக்கத்துல நின்னா என்னை அவங்களுக்கு அம்மான்னுல்ல நினைப்பாங்க!"

காட்டில் தோல் டாக்டர் ஒருவர் இருந்தார், கொக்கு. முகத்தில் ஊசி போட்டுச் சுருக்கத்தை நிரப்பப் படித்தவர். ஆனால் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார். என்ன மாத்திரை சாப்பிடுறீங்க, எது ஒத்துக்காது, முன்னாடி ஊசி போட்டிருக்கீங்களா என்று மூன்று பக்கத்துக்குப் படிவம். கடைசிப் பக்கத்தில், மருந்து தப்பித் தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், கண்ணே போகலாம் என்று கொட்டை எழுத்தில் வேறு. நல்ல காரியம் நடக்கிற வீட்டில் இதையெல்லாம் யார் படிப்பார்கள்? குஞ்சரவல்லி படிவத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தது.

எதிரே அத்திமரத்தடியில் கூர்வேலன் என்ற முள்ளம்பன்றி புதிதாக ஒரு பியூட்டி பார்லர் திறந்திருந்தது. போன மாதம் வரை பந்திக்கு மந்தாரை இலை தைத்துக்கொண்டிருந்த ஆள். உடம்பெல்லாம் ஊசி. இரண்டு நாள் பயிற்சி முகாமில் மாலையோடு எடுத்த போட்டோ மரத்தில் தொங்கியது. வேறென்ன வேண்டும்?

"படிவம் எதுவும் இல்லையா தம்பி?" என்றது யானை.

"நமக்குள்ள என்னக்கா படிவம்? உக்காருங்க."

"அந்த பாட்டில்ல லேபிளே இல்லையே?"

"அக்கா, நெத்தியைச் சுருக்காதீங்க. கேள்வி கேட்டாலே சுருக்கம் விழும்."

யானைக்கு அது நியாயமாகப் பட்டது. வாயை மூடிக்கொண்டது. கூர்வேலன் இலை தைக்கிற அதே பழக்கத்தில், காதிலிருந்து காதுவரை வரிசையாகக் குத்திக்கொண்டே போனது. இலையில் எங்கே குத்தினாலும் ரத்தம் வராது. அந்தத் தைரியம்தான்.

வலது புருவத்துக்கு மேலே குத்தியபோது சுரீர் என்றது. தோல் வெளுத்தது.

"தம்பி, இந்தப் பக்கம் கண்ணு தெரியலையே!"

"வீக்கம்க்கா. மூணு நாள்ல வடிஞ்சிடும். ஐஸ் வைங்க."

குஞ்சரவல்லி மூன்று நாளும் ஒழுங்காக ஐஸ் வைத்தது. நான்காம் நாள் கொக்கு டாக்டரிடம் ஓடியது.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அன்னிக்கே, அந்த நிமிஷமே வந்திருந்தா ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம். உள்ளே போனது என்ன மருந்து? கரையிற மருந்தா, கரையாததா?"

ஆள் அனுப்பிக் கேட்டார்கள். "முகத்துக்குப் போடுற மருந்து" என்று கூர்வேலன் பதில் சொல்லி அனுப்பியது. வலது கண் போனது போனதுதான். முகம் மட்டும் கழுவிய பாறை மாதிரி வழுவழுவென்று இறுகிவிட்டது.

கல்யாணத்தன்று மகள் வலது பக்கம் நின்று மாலை மாற்றினாள். பெற்ற தாய்க்கு அது தெரியவில்லை.

சம்பந்தியம்மா மெல்ல நெருங்கி வந்து கேட்டது. "முகத்துக்கு எங்கே பண்ணினீங்க? விலாசம் சொல்லுங்களேன்."

"வேணாம் சம்பந்தி! என் கண்ணே போயிடுச்சு. உங்க கால்ல விழுறேன், அங்கே போகாதீங்க!" என்று குஞ்சரவல்லி கதறியது.

கதறிய முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அமைதியாக, பளபளவென்று இருந்தது.

சம்பந்தியம்மா உதட்டைச் சுழித்துக்கொண்டு தன் தங்கையிடம் திரும்பியது. "பாத்தியாடி, தான் மட்டும் அழகா இருக்கணுமாம். எவ்வளவு கூலா பொய் சொல்றா! வா, நாமளே விசாரிச்சுப் போவோம்."

மறுநாள் காலை அத்திமரத்தடியில் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது.

நீதி: ஊசி போடுகிறவர் யார், உள்ளே போவது என்ன என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கேட்டால் நெற்றி சுருங்கும். நெற்றி சுருங்கினால் மறுபடியும் ஊசி போட வேண்டிவரும்.