பதினைந்தாம் சாதனை

வந்திருந்தோர்: முதல்வர், தத்துவப் பேராசிரியர், வரலாற்றுப் பேராசிரியர், அலுவலக எழுத்தர். குறிப்பெடுக்க வந்திருந்தவர்: நூலக உதவியாளர். இவர் வந்திருந்தோர் எண்ணிக்கையில் சேரமாட்டார்.

கோடையில் விடுமுறை விடாத கல்லூரி உலகில் இல்லை. ஆனால் விடுமுறையிலும் சாதித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட கல்லூரி ஒன்றே ஒன்றுதான். எல்லாத் துறைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் கற்றுக்கொடுத்து, எந்தத் துறையிலும் மாணவரை அதிகம் தொந்தரவு செய்யாத அந்தச் சிறிய கலைக் கல்லூரி, ஆண்டுதோறும் கோடையின் கடைசி வாரத்தில் 'கோடைச் சாதனை அறிக்கை' வெளியிடும். சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஒன்பது சாதனைகள், சென்ற ஆண்டு பதினொன்று. மாணவர்கள் இல்லாதபோதுதான் கல்லூரி நன்றாக நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நூலக உதவியாளரை எல்லாரும் 'லைப்ரரி' என்றே கூப்பிடுவார்கள். "லைப்ரரி, இங்க வாம்மா" என்றால் அவள் வருவாள், கட்டடம் வராது. இந்த வித்தியாசத்தைத் தவிர வேறெந்த வித்தியாசமும் நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகளாக அவள் தற்காலிகம். இந்த ஆண்டு ஆட்சிக்குழு அதற்கு ஒரு முடிவு கட்டியிருந்தது. சாதனை அறிக்கையில் பெயர் வரும் தற்காலிகப் பணியாளருக்கு நிரந்தர வேலை, வராதவருக்கு அறிக்கை கையெழுத்தாகும் அன்றே பணி விடுவிப்பு. கல்லூரியில் தற்காலிகப் பணியாளர் அவள் ஒருத்திதான். கணவனுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வீட்டில் வேலைக்குப் போகும் ஆளும் அவள் ஒருத்திதான்.

இருந்தும் அவள் கவலைப்படவில்லை. அந்தக் கோடையில் நிஜமாகவே ஒரு காரியம் செய்திருந்தாள். அது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

விடுமுறை தொடங்கிய மூன்றாம் நாள், நூலகத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டிக் குழாய் வெடித்தது. இரண்டாயிரத்து நூற்று நாற்பது புத்தகங்கள் தெப்பமாக நனைந்தன. அவள் அத்தனையையும் தேர்வு மண்டபத்துக்குச் சுமந்தாள். பெஞ்சுகளின் மேல் பாதி விரித்து நிறுத்தினாள். பக்கங்களுக்கு இடையில் பழைய விடைத்தாள்களைச் செருகினாள். அந்த விடைத்தாள்கள் எதையாவது உள்வாங்கியது அதுவே முதல் தடவை. ஈரம் ஏறிய தாளை எடுத்து, காய்ந்த தாளை வைத்து, ஒட்டிக்கொண்ட பக்கங்களை இரும்பு ஸ்கேலால் கிழியாமல் பிரித்து, முப்பத்தெட்டு நாள்.

பேராசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையில் ஒவ்வொருவராக மண்டபத்துக்கு வந்து, நின்று, படம் எடுத்துக்கொண்டார்கள். கல்லூரியின் கேமராவை இயக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தியே. ஆகவே ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு அவள்தான் எடுத்தாள். நனைந்த புத்தகத்தைப் பிடித்தால் சட்டை கறையாகும் என்பதால், அவள் மேசையிலிருந்த நனையாத ஒரே புத்தகத்தை எல்லாரும் வாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். அது 'கோழி வளர்ப்பு: கேள்வியும் பதிலும்.' 'ஈரம்: ஒரு மெய்யியல் விசாரணை' என்ற கருத்தரங்கின் படத்தில் தத்துவப் பேராசிரியர் கையில் கோழி வளர்ப்பு. 'அரிய ஆவண மீட்பு முகாம்' படத்தில் வரலாற்றுப் பேராசிரியர் கையிலும் கோழி வளர்ப்பு. 'பேரிடர் காலத் தலைமைத்துவம்' படத்தில் முதல்வர் அதைத் திறந்தே வைத்திருந்தார்.

"எப்படிம்மா வந்திருக்கு?" என்று கேட்டார் முதல்வர்.

"நல்லா வந்திருக்கு சார்."

"வயிறு தெரியுதா?"

"தெரியுது சார்."

"அப்ப நல்லா வரல. இன்னொண்ணு எடு."

இப்படியாகக் கூட்டம் கூடிய அன்று பதின்மூன்று சாதனைகள் மளமளவென்று நிறைவேறின. பதினான்காவது: 'நனைந்த நூல்கள் மீட்பு. சாதனையாளர்: நூலக உதவியாளர்.' அவளே தட்டச்சு செய்திருந்தாள். எழுத்தர் வாசித்துவிட்டு, நான்காவது கட்டத்தில் விரலை வைத்தார்.

"ஆதாரம் காலியா இருக்கேம்மா."

நான்காவது கட்டம் என்பது புகைப்படம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பேராசிரியர் கோடையில் பனிமலை ஏறியதாக அறிக்கை கொடுத்து, அந்த மாதம் முழுக்க மாமியார் வீட்டில் படுத்திருந்தது தெரியவந்ததிலிருந்து, படம் இல்லாத சாதனை சாதனையே அல்ல என்பது விதி.

"எல்லாப் படத்தையும் நான்தானேண்ணே எடுத்தேன். அப்புறம் நான் எப்படி அதுல இருப்பேன்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்" என்றார் எழுத்தர்.

தத்துவப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "படம் இருக்கறதால, அதை எடுத்தவர் ஒருத்தர் இருந்திருக்கணும்னு நாம ஊகிக்கலாம். ஆனா ஊகம் ஆதாரம் ஆகாதும்மா."

"சார், நீங்க கோழிப் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்டதானே பேசினீங்க."

"அது என் அனுபவம். உன் ஆதாரம் இல்ல."

"சரி, நூலகத்துல போய்ப் பாருங்க. ரெண்டாயிரம் புத்தகமும் அலமாரியில இருக்கு."

"அதாம்மா சிக்கல்" என்றார் முதல்வர், மிகுந்த பரிவோடு. "எல்லாத்தையும் காய வச்சு அடுக்கிட்ட. பார்த்தா எதுவுமே நடக்காத மாதிரி இருக்கு. கொஞ்சமாவது மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?"

ஒரு வேலையை அரைகுறையாக விடுவதன் அருமையை அந்தக் கல்லூரி எவ்வளவோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அவள்தான் பாடத்தைக் கவனிக்கவில்லை.

கடைசியில் முதல்வரே வழி சொன்னார். ஒரு புத்தகத்தை மறுபடி நனைத்து, அவள் அதைக் காயவைப்பதுபோல ஒரு படம். வரலாற்றுப் பேராசிரியர் கொதித்தார்: "ஆதாரத்தை நாமளே தயாரிக்கறதா? நாளைக்கு வரலாறு காறித் துப்பும் சார்." அவருடைய ஆவண மீட்பு முகாமின் படம் மேசையில் திறந்து கிடந்தது, கையில் கோழியோடு. அதைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "மறுநடிப்புன்னு வேணும்னா வச்சுக்கலாம்."

எழுத்தர் நூலகத்துக்கே வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் அலமாரி முன் சற்று நேரம் நின்றாள். எதைத் தொட்டாலும், அது காய எத்தனை நாள் ஆனது என்று கைக்குத் தெரிந்தது. அந்தக் கையைக் கொண்டே நனைக்க வேண்டும். வேலை வேண்டும். மேசையிலிருந்த கோழி வளர்ப்பை எடுத்து வாளிக்குள் அமுக்கினாள்.

கேமராவை முதல்வர் வாங்கிக்கொண்டார். சற்றுத் தள்ளி நின்று, மூச்சைப் பிடித்து, ஒரு படம் எடுத்தார். நால்வரும் கூடிப் பார்த்தார்கள். படம் முழுக்க அவருடைய கட்டைவிரல். ஓரத்தில் கொஞ்சம் வாளி.

முதல்வர் எடுத்த படத்தைச் சரியில்லை என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

"சார், விரல்ல ஒரு உறுதி தெரியுது" என்றார் வரலாற்றுப் பேராசிரியர்.

"சார், உங்க விரல் மட்டும்தான் தெரியுது" என்றாள் அவள். "இன்னொண்ணு எடுங்க."

முதல்வரின் முகம் மாறியது. "உனக்கு ஒருத்தர் உதவி பண்ணினா அதுல குத்தம் கண்டுபிடிப்பியா? விதி என்ன? படத்துல யாரு இருக்காங்களோ, அவங்க சாதனை. நான் கேட்டா அதுல இருந்தேன்?"

"விதியை யாரும் மீற முடியாது" என்றார் தத்துவப் பேராசிரியர், வருத்தத்தோடு.

பதினான்காவது சாதனை திருத்தப்பட்டது: 'நனைந்த நூல்கள் மீட்பு. சாதனையாளர்: முதல்வர், தம் கைப்பட.' குறிப்பெடுப்பவள் அவள் என்பதால் அவளே எழுதினாள். எழுத்துப்பிழை இல்லாமல்.

"மனசுல வச்சுக்காதம்மா" என்றார் முதல்வர். "நீ எப்படி உழைச்சேன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்ல சார், அதை எழுதுங்க."

"தெரியறது வேற, ஆதாரம் வேற."

அறிக்கை முடியும் நேரத்தில் எழுத்தருக்கு ஒரு யோசனை உதித்தது. பட்டியலில் பெயர் இல்லாத தற்காலிகப் பணியாளரை இன்றே விடுவிக்க வேண்டும். எப்படியும் செய்யப்போகிற அந்தக் காரியத்தைச் சும்மா செய்வானேன்? 'தேவையற்ற பணியிடம் ஒழிப்பு: நிர்வாகச் சீரமைப்பு' என்று பதினைந்தாவதாகச் சேர்த்துவிடலாமே. அவை ஒருமனதாக மகிழ்ந்தது. அதையும் அவளே தட்டச்சு செய்தாள். நான்காவது கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இதுக்கும் படம் வேணுமே" என்றாள்.

ஆக, ஒன்பது ஆண்டுப் பணியில் முதன்முறையாக அவளைப் படம் எடுக்க எல்லாரும் எழுந்தார்கள். நூலகத்தின் சாவியை வாங்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டச் சொல்லி, அதன் வாசற்படியில் நிறுத்தினார்கள்.

"திரும்பிப் பாக்காத. முதுகு தெரிஞ்சாதான் போறது தெரியும். முகம் தெரிஞ்சா அது உன் சாதனை ஆயிடும்" என்றார் முதல்வர்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். நாலு படி இறங்கியதும் எழுத்தர் கத்தினார். "நில்லும்மா. படம் கறுப்பா வந்திருக்கு. திரும்ப உள்ள வந்து இன்னொரு தரம் போ."

அவள் படியேறி வந்தாள். கேமராவை வாங்கிப் பார்த்தாள். லென்ஸின் மூடியைக் கழற்றி எழுத்தரின் சட்டைப் பையில் போட்டாள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குக் காட்டினாள்.

"விரலை இங்க வச்சு அழுத்துங்கண்ணே. நான் கடைசிப் படியில கால் வைக்கறப்ப அழுத்துங்க. கதவு சாத்தறதுக்கு ஒண்ணு தனியா எடுங்க, ஆட்சிக்குழு கேப்பாங்க."

பிறகு போனாள். அந்தக் கோடையில் அங்கே யாரும் நடிக்காமல் எடுக்கப்பட்ட ஒரே படம் அதுதான். மிகத் தெளிவாக வந்தது. அடுத்த படத்துக்காக முதல்வர் கதவை இழுத்துச் சாத்தினார், எழுத்தர் பூட்டினார்.