மைக் பெட்டிக்குப் பொருந்தாத பதினேழு அடாப்டர்கள்

எல்க்வாட்டர், மின்னசோட்டா
ஏப்ரல் 24

அன்பும் மரியாதையும் நிறைந்த போர்கில்ட் அக்காவுக்கு,

உன் தம்பி செல்மர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆர்டிஸும் நலம். அரிசோனா வெயிலில் உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஏரியில் பனிக்கட்டி இன்னும் உருகவில்லை. என்றைக்கு உருகும் என்று ஊரே வழக்கம்போல் பந்தயம் கட்டியிருக்கிறது. உன் பேரிலும் ஒரு சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நிற்க.

இந்தக் கடிதம் நன்றி சொல்வதற்காக எழுதப்படுவது. யாருக்கு நன்றி என்று கேட்பாய். ஊருக்கே. ஊர் மொத்தத்துக்கும் தபால் எழுத என் கையில் தெம்பில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஆர்டிஸுக்குத் தொண்டையில் கட்டி எடுத்தது உனக்குத் தெரியும். கெட்ட கட்டி இல்லை, கடவுள் புண்ணியம். ஆனால் குரல் திரும்பவில்லை, பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கிறது. இருபத்தேழு வருஷமாகப் படைவீரர் சங்க ஹாலில் புதன்கிழமை பிங்கோவுக்கு நம்பர் கூப்பிடுகிறவள் அவள். பந்தை எடுத்து "பி ஏழு" என்றால் வெளியே காருக்குப் பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறவன்கூடத் தன் அட்டையில் அடித்துக்கொள்வான். ஆர்டிஸ் இருக்க மைக் எதற்கு என்று ஹாலுக்கு மைக்கே வாங்கவில்லை. இப்போது மெர்லின் ஹாக்ரட் அந்த நாற்காலியில் தற்காலிகமாக உட்கார்ந்தான். இரண்டாவது வாரம் வீட்டிலிருந்து மெத்தை கொண்டுவந்தான். அக்கா, தற்காலிகமாக வந்தவன் எதுக்கு மெத்தை கொண்டாரான்? அன்னிக்கு ஆர்டிஸ் கார்ல உட்கார்ந்து சத்தமே வராம அழுதா. நாப்பத்தோரு வருஷக் குடித்தனத்துல அப்படி நான் பார்த்ததில்லை. கமிட்டிக்காரங்க ஒரு கெடு வச்சாங்க. இருபத்திரண்டாம் தேதி புதன்கிழமை ஆர்டிஸ் குரல் கடைசி மேஜை வரைக்கும் கேட்கணும், இல்லேன்னா மெர்லின்தான் நிரந்தரம்.

புது மைக் வாங்க வேண்டியதுதானே என்பாய். கேட்டேன், வர மூணு வாரம் ஆகும்னுட்டான். அப்பதான் பதினோராம் தேதி சனிக்கிழமை நம்ம சர்ச் நிலவறையில பழைய சாமான் விற்பனை. போனேன், கிடைச்சது! ஸ்பீக்கரும் மைக்கும் சேர்ந்த பெட்டி, கைப்பிடியோட, பழசுதான் ஆனா கீறல் இல்லை. பின்னாடி பார்த்தா கரண்ட் ஒயரைக் காணோம், ஒரு ஓட்டைதான் இருக்கு. டெல்ஃபாதான் விற்பனைக்குத் தலைவி.

"டெல்ஃபா, இதோட ஒயர் எங்கே?"

"ஒயரெல்லாம் ஒயர் மேஜையில, செல்மர்."

"இதுக்கு எது?"

"அது எனக்கெப்படித் தெரியும்? எல்லாத்தையும் கழட்டி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, நீளத்துக்குத் தகுந்தாப்ல அடுக்கினோம். ஆறு பேர், மூணு நாள் வேலை. போன வருஷம் எப்படி அலங்கோலமா கிடந்துச்சுன்னு பார்த்தீங்கல்ல?"

ஒயர் மேஜையைப் பார்த்தா காலி. முதல் மணி நேரத்துலயே வித்துப்போச்சாம். அம்மாடி, இந்தப் பக்கம் நாப்பது மெஷின் வாலில்லாம நிக்குது, அந்தப் பக்கம் ஊர்க்காரங்க எதுக்குன்னே தெரியாம ஆளுக்கு ரெண்டு ஒயர் வாங்கிட்டுப் போயிட்டாங்க! எனக்கு வாய்வரைக்கும் வந்துச்சு. ஆனா நம்ம ஜனம் சர்ச்சுக்குள்ள அப்படிப் பேசுமா? "ரொம்ப அழகா அடுக்கியிருக்கீங்க"ன்னேன். சந்தோஷத்துல டெல்ஃபா எனக்கு ரெண்டு துண்டு எலுமிச்சை கேக் குடுத்தா.

பெட்டிக்குப் பின்னாடி பன்னிரண்டு வோல்ட், ஒன்றரை ஆம்பியர்னு போட்டு, ஒரு வட்டம் வரைஞ்சு நடுவுல கழித்தல் குறி போட்டிருந்துச்சு. முப்பத்தெட்டு வருஷம் தபால் குடுத்தவன் நான், எவன் கிறுக்கலையும் படிச்சுடுவேன், இது மட்டும் புரியலை. பொருந்துறதைப் பார்த்துப்போம்னு என் பழைய தபால் வரிசையிலேயே வீடு வீடா ஏறினேன். அக்கா, ஒவ்வொரு வீட்டு நிலவறையிலயும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய அடாப்டர் இருக்கு! எதுக்கு எதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தரும் தூக்கிப் போடவும் மாட்டாங்க. எல்வுட் டிராக்சல் வீட்டுல ரேடியோ செத்து இருபது வருஷம் ஆச்சு, அடாப்டரைத் துடைச்சு வச்சிருக்கார். "திடீர்னு தேவைப்பட்டா?"ங்கறார். வாங்கிட்டு உடனே வரவும் முடியாது. காபி வேணாம்னு ரெண்டு தடவை சொல்லணும், மூணாவது தடவை குடிக்கணும், சமையலறையில ஒரு தடவை விடைபெறணும், வாசல்ல ஒரு தடவை, கார் கண்ணாடியை இறக்கி இன்னொரு தடவை. ஒரு நாளைக்கு ரெண்டு வீடு ஆனாலே பெரிசு.

வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா சொருகினேன். ஒண்ணு போட்டா பாட்டில்ல ஈ மாட்டின சத்தம். இன்னொண்ணு போட்டா சத்தமே இல்லை. மூணாவது போட்டேன் பாரு, பெட்டி போட்ட அலறல்ல பக்கத்து வீட்டு நாய் ரெண்டு நாள் எங்க பக்கம் வரலை. ஆர்டிஸ் பெட்டியைக் காட்டி ஏதோ சொல்ல வந்தா. "பேசாதே, தொண்டைக்கு ஆகாது, டாக்டர் என்ன சொன்னாரு?"ன்னு அடக்கிட்டேன்.

கடைசியில டிவி ரிப்பேர் கடை வச்சிருந்த லவெர்ன் ஸ்கோக்லண்டுகிட்ட பதினேழு அடாப்டரையும் கொண்டுபோய்க் கொட்டினேன்.

"நீயெல்லாம் எப்படிடா தபால் குடுத்தே?"ன்னான். "மேல எழுதியிருக்கறதைப் படிக்க மாட்டியா? வோல்ட் அதே இருக்கணும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக்கூடாது. பெட்டியில நடுவுல கழித்தல்னா அடாப்டர்லயும் நடுவுல கழித்தல். நீ கொண்டாந்ததுல முக்கால்வாசி நடுவுல கூட்டல். ஒண்ணு வேற வகைக் கரண்ட்டு, அதான் அலறியிருக்கு. உன்கிட்ட மாட்டியும் அந்தப் பெட்டி உயிரோட இருக்கறதே ஆச்சரியம்."

பதினேழையும் மீட்டர் வச்சுப் பார்த்துட்டுப் பதினேழையும் தள்ளினான். செவ்வாய்க்கிழமை ஆயிடுச்சு அக்கா. மறுநாள் கெடு. நான் அடுப்பங்கரையில தலையில கைவச்சு உட்கார்ந்திருக்கேன், கதவைத் தட்டுறது யாருன்னு நினைக்கிறே? மெர்லின் ஹாக்ரட்! கையில ஒரு அட்டைப்பெட்டி.

"இதுல இருக்கான்னு பாரு"ன்னான்.

"உனக்கெதுக்குடா இந்த அக்கறை? நாற்காலி உனக்குத்தானே வருது?"

"நாற்காலியா! அந்தக் கிழவிங்ககிட்ட நீ திட்டு வாங்கிப் பாரு, தெரியும். வேகமா கூப்பிட்டா திட்டு, மெதுவா கூப்பிட்டா திட்டு. நம்பர் வரலேன்னா நான்தான் பந்தை ஒளிச்சு வச்சுட்டேனாம். உட்கார முடியலைப்பா, மெத்தை போட்டும் உட்கார முடியலை. ஆர்டிஸைக் கூப்பிடு!"

அவன் பெட்டியில அடியில கிடந்துச்சு: பன்னிரண்டு வோல்ட், ரெண்டு ஆம்பியர், நடுவுல கழித்தல். பதினெட்டாவது! ஓட்டையில கொஞ்சம் இறுக்கம், பாதி உள்ளே போய் நின்னுடுச்சு, போதும்னு விட்டேன். சுவிட்சைப் போட்டேன், சிவப்பு விளக்கு எரிஞ்சுது. நானும் மெர்லினும் கட்டிப் பிடிச்சுக்கிட்டோம், இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே.

புதன்கிழமை ஹால்ல நிக்க இடமில்லை. அடாப்டர் குடுத்த வீட்டுக்காரங்க அத்தனை பேரும் வந்துட்டாங்க. ஆர்டிஸ் பந்தை எடுத்தா, "பி பன்னிரண்டு"ன்னா. கொஞ்சம் கரகரப்பு, ஆனா அவ குரல்தான், கடைசி மேஜை வரைக்கும். உடனே அடுத்தது என்ன சொன்னா தெரியுமா? "செல்மர், சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கே." நூறு பேர் முன்னாடி! சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. நான் பொத்தானைச் சரிபண்ற சாக்குல குனிஞ்சு கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

ஆகவே எல்வுட்டுக்கும், லவெர்னுக்கும், மெர்லினுக்கும், ஏன், டெல்ஃபாவுக்கும்கூட என் மனமார்ந்த நன்றியை இக்கடிதத்தில் பதிவு செய்கிறேன். ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுளும், வளைந்து கொடுக்கும் முழங்காலும், குறைந்த குளிர்சாதனக் கட்டணமும் அருள்வாராக.

என்றும் உன் அன்புத் தம்பி,
செல்மர் டோஸ்ட்ரூட்

பி.கு.: அண்ணி, இது ஆர்டிஸ். கடிதத்தை ஒட்டித் தபால்ல போடச் சொல்லிட்டு இவர் லவெர்னோட கிளம்பிட்டார், யாரோ தையல் மெஷினுக்கு ஒயர் தேடறாங்களாம். அந்தப் பெட்டிக்கு அடியில ஒரு மூடி இருக்கு. அதுல எட்டு பேட்டரி போட்டா போதும், ஒயரே வேணாம். முதல் நாளே பார்த்துட்டேன். சொல்ல வந்தேன், பேசாதேன்னுட்டார். காகிதத்துல எழுதிக் காட்டியிருக்கலாம்தான். ஆனா வேலையிலேர்ந்து ஓய்வு வந்து பதினாலு மாசமா ஜன்னலோரம் உட்கார்ந்து, புதுத் தபால்காரப் பெண் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போறான்னு பார்த்துட்டே இருந்த மனுஷன். அன்னிக்கு எல்வுட் வீட்டுலேர்ந்து வந்து ஒரு மணி நேரம் வாய் ஓயாம பேசினார். நான் மூடியை மூடிட்டேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் பயந்துபோய் வீட்டு டார்ச்சுகள்லேர்ந்து பேட்டரியைக் கழட்டிப் போட்டேன். மெர்லின் ஒயர் பாதியில தொங்குது, அதுல கரண்ட்டே போகலை. புதன்கிழமை ஓடினது பேட்டரியில. இவருக்குத் தெரியவே கூடாது. அடுத்த வாரத்துக்கு எட்டு பேட்டரி வாங்கி என் பேருக்கு அனுப்பி வைங்க அண்ணி, இங்கே கடையில நான் வாங்கினா வீடு வந்து சேர்றதுக்குள்ள இவர் காதுக்குப் போயிடும்.