பன்றிக்கு வலிக்காத குண்டு

காட்டுப்பன்றியின் நலனில் இத்தனை அக்கறை கொண்ட ஒருவரை மனிதகுலம் இதற்கு முன் பெற்றதில்லை, இனிப் பெறப்போவதுமில்லை. அவர் பெயர் லிபோரியோ. இத்தாலியில், பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில், புதுப்பித்த மாளிகையொன்றின் மேல்மாடியில் வாழ்ந்த அவ்வொகாத்தோ, அதாவது வழக்கறிஞர். நானும் என் மனைவி கிளறாவும் அவர் வீட்டில் வேலை செய்தோம். கிளறா சமைத்தாள். நான் தரை துடைத்தேன், வெள்ளிச் சாமான் மினுக்கினேன், நாயை உலாத்தக் கூட்டிப்போனேன். மன்னாரிலிருந்து வந்த எங்களிடம் ஒரு பத்திரமும் இல்லாததால், சட்டப்படி நாங்கள் அந்த வீட்டில் "இல்லை". இல்லாத இருவர் சமைத்துப் பரிமாறியதை இருந்தவர்கள் உண்டார்கள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் கடைசியில் அரசாங்கம் மனம் இரங்கியது. வேலை தருபவர் ஒரு பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால், எங்களைப் போன்ற இல்லாதவர்களுக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைக்கும். பெர்மெஸ்ஸோ கிடைத்தால் மகள் மொனிகாவைக் கூப்பிட வழி பிறக்கும். அவள் அப்போது மடு அகதி முகாமில் கிளறாவின் தங்கையோடு இருந்தாள்.

"போடுகிறேன் ஜோக்கிம், கட்டாயம் போடுகிறேன்," என்றார் அவ்வொகாத்தோ. "ஆனால் முதலில் குண்டு."

குண்டின் மகத்துவத்தை இங்கே விளக்குவது என் கடமை. பறவைக்கென்றால் துவக்கில் பொடிச் சன்னம் போதும். மானுக்கும் பன்றிக்கும் தோட்டாவுக்குள் ஒற்றையாய் ஒரு பெரிய ஈயக் குண்டு வேண்டும். அது எந்தக் குண்டு? இந்தக் கேள்விக்கு விடை காண அவ்வொகாத்தோ "குண்டுத் தெரிவுக் குழு" ஒன்றை நிறுவினார். தலைவர் அவரே. உறுப்பினர் பல் வைத்தியர் கஸ்பாரே. உருவத்திலும் குண்டு நிபுணர். கோப்பி நான்.

வியாழக்கிழமை தோறும் குழு கூடியது. வெல்வெற் துணிமேல் மூன்று வேட்பாளர்கள். ஒன்று மெல்லிய ஈயம். மற்றது கெட்டி ஈயம், பின்னால் கம்பளி வால் வைத்தது. மூன்றாவது பிளாஸ்ரிக் சப்பாத்துப் போட்டது.

"மான் மென்மையான பிராணி," என்றார் வைத்தியர். "மெல்லிய குண்டு உள்ளே போய்ப் பூப்போல விரியும்."

"பன்றியின் தோளில் கவசம் மாதிரித் தடித்த தோல். அங்கே உன் பூ வாடிவிடும். வால் வைத்ததுதான் ஆழமாய்ப் போகும்."

"சப்பாத்துப் போட்டது?"

"அதற்குக் குழலின் உள்ளே புரி வெட்டியிருக்க வேண்டும். என் துவக்கு உள்ளே வழுவழு."

"பிறகு ஏன் வாங்கினாய்?"

"வடிவாக இருந்தது."

ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியது: பன்றி ஒரு கணமேனும் துன்பப்படலாகாது. அதைச் சொல்லும்போது வைத்தியரின் கண் கலங்கியது. கையெழுத்து ஈயாத கை ஈயத்தைத் தடவிக்கொண்டே கூட்டத்தை ஒத்திவைத்தது.

கார்த்திகை போனது. நத்தார்ப் பண்டிகை போனது. கிளறா அந்தப் பத்திரத்தை ஏப்ரன் பொக்கற்றிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை ஆள் குண்டு தெரிஞ்சு முடிக்கிறதுக்குள்ளை கெஸ்தூராப் பொலிசுக்காரர் எங்களைப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

"பொறு கிளறா. பெரிய விசயம் யோசிக்கினம்."

"பண்டியைத்தானே? பண்டி எப்பவோ யோசிச்சு முடிச்சிருக்கும்."

தை மாதக் கூட்டமொன்றில் குழு இரண்டாகப் பிளந்தது. தலைவர் வால் அணி, உறுப்பினர் பூ அணி. அப்போதுதான் அவ்வொகாத்தோவின் பார்வை கோப்பித் தட்டின்மேல் விழுந்து, அங்கிருந்து என்மேல் ஏறியது.

"ஜோக்கிம்! நீ யுத்தம் நடக்கும் நாட்டிலிருந்து வந்தவன் அல்லவா? உன் கருத்து என்ன?"

கதிரை தரப்பட்டது. அந்த வீட்டில் நான் முதன்முதலாக இருந்தேன்.

"அங்கே எதால் சுட்டார்கள்?"

"தெரியாது அவ்வொகாத்தோ. சுடும்போது நாங்கள் நின்று பார்க்கவில்லை. ஓடினோம்."

"ஓடும் இலக்கு!" என்று வைத்தியர் மேசையில் அடித்தார். "அனுபவம் பேசுகிறது! ஓடுகிறவருக்கு எந்தக் குண்டு நல்லது?"

"படாத குண்டு," என்றேன்.

அது கீழைத்தேய ஞானம் என்று முடிவாயிற்று. ஆனால் குண்டு முடிவாகவில்லை. ஆகவே மூன்று வகையையும் கொண்டுபோவது என்றும், பன்றியை நேரில் கண்டபின் அதன் தோற்றத்தை வைத்துத் தீர்மானிப்பது என்றும் சமரசம் ஏற்பட்டது. அவ்வொகாத்தோவின் மனைவி சின்னோரா அதற்குள் விருந்துக்கு ஆட்களை அழைத்துவிட்டார்.

மதோனியே மலையில் அதிகாலைப் பனி. நான் துவக்கையும் சாப்பாட்டுக் கூடையையும் சுமந்தேன். புதருக்குள்ளிருந்து பன்றி வந்தது. உண்மையான, தாடி வைத்த, மதிப்புக்குரிய பன்றி.

"வால்!" என்று கிசுகிசுத்தார் அவ்வொகாத்தோ.

"பக்கவாட்டில் நிற்கிறது, பூ போதும்!"

"தோளைப் பார், தோளை!"

பன்றி இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு கூடைக்குள் மூக்கை விட்டு, பாலாடைக் கட்டி முழுவதையும் தின்றது. வைன் போத்தலை உருட்டிப் பார்த்து, பிடிக்காமல் விட்டது. அது ஆறுதலாக மலையேறிப்போன பிறகுதான் குழுவில் இணக்கம் ஏற்பட்டது. அவ்வொகாத்தோ வால் வைத்த குண்டைப் போட்டுச் சுட்டார். அது பாதையில் நிறுத்தியிருந்த வைத்தியரின் காருக்குள் முன்பக்கத்தால் நுழைந்து, எஞ்சினில் தங்கியது.

"பார்த்தாயா, என்ன ஆழம்!" என்றார் அவ்வொகாத்தோ பெருமையுடன்.

கார் ஒரு கணமும் துன்பப்படவில்லை. உடனே இறந்துவிட்டது.

லொறியொன்றில் ஏறி நகருக்கு வந்தோம். மறுநாள் விருந்துக்கு இருபது பேர். என்னைப் பல்லரோச் சந்தைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் கறுப்பு மயிரோடு ஒரு வளர்ப்புப்பன்றி தொங்கியது. "அரை வெளிச்சத்தில் பார்த்தால் காட்டுப்பன்றிதான்," என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். பின்வாசலால் கொண்டுவந்து குசினி மேசையில் கிடத்தினோம். குண்டு பட்ட அடையாளம் வேண்டுமே? குழு அவசரமாகக் கூடியது. எந்தக் குண்டை வைத்து அமத்துவது? நீங்கள் நம்பமாட்டீர்கள், அதற்கும் விவாதம் நடந்தது. கிளறா மெல்லியதை எடுத்து, இறைச்சி தட்டும் சுத்தியலால் ஒரே அடியில் தோளுக்குள் இறக்கினாள்.

"பூ வென்றது!" என்றார் வைத்தியர்.

விருந்தில் ஒரு நீதிபதியின் மனைவி அந்தப் பூவைக் கடித்தார். பல் போனது. பக்கத்திலேயே வைத்தியர் இருந்தார். தோழமை என்றால் அதுதான். அம்மையார் கன்னத்தைப் பிடித்தபடி குண்டை உயர்த்திக் காட்டினார். கைதட்டல் எழுந்தது.

"பன்றி விழுந்ததைக் கண்ணால் கண்டவர் யார்?" என்று நீதிபதி கேட்டார்.

அவ்வொகாத்தோ என்னைப் பார்த்தார். இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கிளறாவைப் பார்த்தேன். அவள் கையில் சோஸ் பாத்திரம். அதை வைத்துவிட்டு, ஏப்ரனுக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து அவ்வொகாத்தோவின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"மன்னிக்க வேண்டும் அவ்வொகாத்தோ," என்றாள், தன் மிகச் சுத்தமான இத்தாலிய மொழியில். "இவருக்கு ஞாபகமறதி. நீங்கள் எழுதுவதைக் கண்டால் ஞாபகம் வந்துவிடும்."

ஒரு கணம் அவர் பன்றியைப் பார்த்தார். பன்றியின் தலை, வாயில் தோடம்பழத்துடன், ஒத்துழைக்க மறுத்தது. அவர் பேனையை எடுத்தார். எந்தக் குழுவும் கூடவில்லை. கை ஒருமுறை வளைந்தது, முடிந்தது.

எனக்கு உடனே எல்லாம் ஞாபகம் வந்தது.

"மேதகையீர்," என்றேன், "குண்டு இறங்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். பன்றி கத்தவில்லை. துடிக்கவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவ்வொகாத்தோவின் கருணைக்காக எல்லோரும் எழுந்து நின்று குடித்தார்கள்.

மாசி மாதம் கெஸ்தூராவில் எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ தந்தார்கள். கிளறா அதை முத்தமிட்டாள். பிறகு கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள். வாசலுக்கு வந்ததும் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, இது எவ்வளவு காலத்துக்கு?"

"ஒரு தவணைக்குத்தான். பிறகு திரும்பவும் அவரிட்டைத்தான் கையெழுத்துக்குப் போகவேணும்."

"அதுமட்டும் ஒருத்தரும் எங்களைப் பிடிக்கேலாது?"

"ஓம். பிடிக்கேலாது."

"பண்டியையும் இப்ப பிடிக்கேலாத காலமாம். பல்லு டொக்டர் சொன்னவர். சட்டமாம். பிறகு திரும்பவும் வேட்டைக்குத் திறப்பினமாம்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். வீதியில் நின்றபடி, கண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன நேர்மையான நாடு! காட்டுப்பன்றிக்கும் எங்களுக்கும் சட்டத்தில் ஒரு வேற்றுமையும் இல்லை. பன்றிக்கு மட்டும், எப்படிச் செய்தால் வலிக்காது என்று முதலில் கூடி யோசிக்கிறார்கள்.