இரண்டு இசட் வைத்த பட்டாசு

ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரிந்திருப்பது வேறு, அதை எங்கே சொல்லக்கூடாது என்று தெரிந்திருப்பது வேறு. முதலாவதற்கு எம்.ஏ. ஆங்கிலம் போதும். இரண்டாவதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. நான் அதைப் படித்தது நாரணாபுரத்தில், பூசை முடிந்த கையோடு, கையில் கேசரித் தட்டோடு.

நான் ஆலங்குளத்துக்காரி. தை மாதம் கல்யாணமாகி, பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் நாரணாபுரத்துக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தேன். வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான்: கம்பெனி ஆபீசில் ஒரு மேசை. வீட்டில் எனக்கு வேலையே இல்லை. சமையலறைப் பக்கம் அத்தை என்னை அண்டவிடவில்லை (என் சாம்பாரை ஒருமுறை சாப்பிட்டிருந்தார்கள்). மேசை கேட்டபோது மாமனார் முடியாது என்று சொல்லவில்லை. "பாப்போம் தாயி" என்றார். அந்த வீட்டில் முடியாது என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று என் வீட்டுக்காரர் பிறகு விளக்கினார்.

மாமனாருக்கு எழுத்து ராசியில் அசைக்க முடியாத நம்பிக்கை. கம்பெனி தொடங்கிய புதிதில் 'டாஸில்' என்று ஒரு புஸ்வாணம் போட்டார்கள். கண்ணைப் பறிக்கும் ஒளி என்று பொருள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. சரக்கு நன்றாக இருந்தது, விலையும் குறைவு, அதனால் விற்றது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மாமனார் மட்டும் பெயரை உற்றுப் பார்த்தார். நடுவில் இரண்டு இசட். அதன்பிறகு இரண்டு இசட் இல்லாத எந்தப் புது அயிட்டமும் அந்தக் கம்பெனியை விட்டு வெளியே போனதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட சொற்கள் என்ன கொட்டியா கிடக்கின்றன? ஒரு சீசனில் வேறு வழியில்லாமல் சரவெடிக்கு பீட்ஸா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (விற்றதாம்.)

நான் வந்த வருடம் மூன்று புது அயிட்டம், பெயர் அமையவில்லை. பங்குனியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமனார் தலைநிமிர்ந்தார்.

"ஏந்தாயி, நீ இங்கிலீசுதான படிச்சிருக்க? ரெண்டு இசட் வர்ற மாதிரி மூணு பேரு சொல்லு. நல்லா அமைஞ்சிட்டா ஆபீஸ்ல ஒனக்கு ஒரு மேசை போட்டுருவோம்."

அன்று மாலையே அகராதியோடு உட்கார்ந்தேன். வெறும் இரண்டு இசட் என் தகுதிக்குக் குறைவாகப் பட்டது. டாஸில் எப்படி இசட், இசட், எல், இ என்று முடிகிறதோ, அப்படியே நான்கு எழுத்தும் வரிசையாக முடிகிற சொற்களாகத் தேடினேன். டிரிஸில், ஃபிஸில், மஸ்ஸில் கிடைத்தன. மூன்றுக்கும் அர்த்தம் எனக்குத் தெரியும். எழுத்து பொருந்திவிட்ட பெருமையில் அர்த்தத்தை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. மாமனார் ஒவ்வொரு இசட்டையும் விரலால் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புது புஸ்வாணத்துக்கு டிரிஸில், ராக்கெட்டுக்கு ஃபிஸில், காது கிழியும் அணுகுண்டுக்கு மஸ்ஸில் என்று லேபிள் அச்சாகி வந்தது.

ஆடி பிறந்தது. புதுப்பெண் என்பதால் என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் என் தலையெழுத்து கோணியது. ஆடி முதல் தேதியிலிருந்து தீபாவளி வரை மாமனார் வீட்டில் மழை என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. மழை வந்தால் பட்டாசு மருந்து காயாது, வேலை நிற்கும். தீபாவளியை ஒட்டி வந்தால் கடைக்காரர்கள் பாடு திண்டாட்டம். அதனால் "அது வருதாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். இந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது நான் ஆலங்குளத்தில் அம்மா சுட்ட பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஆடிப்பெருக்கன்று பூசை போட்டு சீசனின் முதல் ஆர்டரை எடுப்பார்கள். மதுரை, சேலம் என்று பல ஊர் வியாபாரிகள் ஆபீசுக்கு வந்துவிடுவார்கள். பேரு வச்ச புள்ள இல்லாமல் பூசையா என்று மாமனார் கார் அனுப்பி என்னை வரவழைத்தார். அப்பாவும் அம்மாவும் வாசலில் நின்று பெருமையோடு வழியனுப்பினார்கள்.

பூசை முடிந்தது. மதுரைக்காரர் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பேரு புதுசா இருக்கே அண்ணாச்சி. என்ன அர்த்தம்?"

"எங்க மருமக வச்சது. எம்.ஏ. இங்கிலீசு. தாயி, இங்கன வா. அம்புட்டு பேருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

வகுப்பெடுக்கும் தோரணையில் முன்னால் போய் நின்றேன்.

"டிரிஸில்னா மழைங்க. மெல்லிசாத் தூறுமே, அது. சில நேரம் விடாம நாள் முழுக்கத் தூறும்."

வியாபாரிகள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்கள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் ஆட்டினார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று குரலை உயர்த்தினேன்.

"ஃபிஸில்னா, ஆரம்பத்துல ஜோராக் கெளம்பி, பாதியிலயே புஸ்ஸுன்னு அடங்கிப் போறது."

மதுரைக்காரர் கையிலிருந்த ராக்கெட் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மஸ்ஸில்னா, நாய் குலைக்காம இருக்க வாயில மாட்டுவாகல்ல, அந்த மூடி. மாட்டிட்டா சத்தமே வராது."

மாமனார் சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மதுரைக்காரர்தான் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாச்சி, பழைய டாஸில் இருக்குமா?"

எல்லோரும் டாஸிலையே எழுதிவிட்டுப் போனார்கள். புதுசு மூன்றில் ஒன்றுக்கும் ஆர்டர் இல்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வந்த காரிலேயே ஆலங்குளத்துக்கு ஏற்றிவிட்டார்கள். "ஆடி முடியட்டும்" என்றார் மாமனார். எந்த வருடத்து ஆடி என்று சொல்லவில்லை.

நடந்ததைக் கேட்ட அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இதுக்குத்தான் பி.காம். படின்னேன்" என்றார் அப்பா. இன்று சிரித்துக்கொண்டு எழுதினாலும் அன்று நிஜமாகவே அழுதேன். மேசை போனது ஒரு பக்கம். என்னை நம்பிக் கேட்ட மனிதரை அத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேனே என்பதுதான் தாங்கமுடியவில்லை.

ஆவணி பிறந்ததும் என்னைக் கூட்டிப்போக மாமனாரே வந்தார். கார் வீட்டுக்குப் போகாமல் கம்பெனியில் நின்றது. ஆபீசில் அவர் மேசைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது மேசை ஒன்று கிடந்தது.

"எனக்கா மாமா?"

"தெரியாம வச்சிருந்தா வீட்டோட இருன்னு விட்டுருப்பேன் தாயி. நீ அர்த்தம் தெரிஞ்சே வச்சிருக்க. ஒன்னையக் கண்பார்வையில வச்சிக்கிடுறதுதான் கம்பெனிக்கு நல்லது. எழுத்தை நான் பாத்துக்கிடுறேன், அர்த்தத்தை நீ பாரு."

அந்த மேசையில்தான் இன்னும் இருக்கிறேன்.

பிறகு மகள் பிறந்தாள். ஜோசியர் குறித்த எழுத்தில் நானே தேடிப் பெயர் வைத்தேன். எங்கள் வீட்டில் குழந்தையின் காதில் பெயரைச் சொல்வது தாத்தாவின் வேலை. உறவெல்லாம் சூழ்ந்து நிற்க, தொட்டிலில் குனிந்த மாமனார், சொல்லாமல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தாயி, இது தூறாதுல்ல?"

வீடே சிரித்தது. மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். யாராவது பெயர் கேட்டால் சொல்லிவிட்டு, "தூறாது" என்று அவளே சேர்த்துக்கொள்கிறாள்.